கரை நாடா போடும் இடம்

எங்கள் தறியில் என் இடம் என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. அவர் நடுவில் உட்கார்ந்து நெய்வார். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, கரை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவை நான் போடுவேன். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளில் இதற்குக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையில் வேறு யாரையும் நான் உட்கார விட்டதில்லை.

சரவாங்கி வந்தது. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்க, விரல்கள் மடங்காமல் போயின. தறியில் அந்த இடத்துக்காகத்தான் மாத்திரையை ஆரம்பித்தேன். விரல்கள் திரும்பி வந்தன. பல வருஷமாக ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

சென்ற ஆண்டு கால் வீங்கியது. தறிக் குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்காருகிறவளுக்கு வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு மூச்சு வாங்கியது. அதைக் கவனித்தவள் என் கொழுந்தனார் மனைவி.

"அக்கா, நாலு படி ஏறத்துக்குள்ள நின்னுக்கினு இருக்கியே. வா, டாக்டராண்ட காட்டலாம்."

அக்கறையாகத்தான் சொன்னாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இளையவள், படியேறும்போதே பாட்டு வேறு பாடுவாள். என் பலகையில் கண் வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"குழியில உட்கார்ற காலு அப்படித்தான் இருக்கும். நீ உன் வேலையைப் பாரும்மா" என்றேன்.

ஒருநாள் கையில் நாடாவோடு மயங்கிச் சாய்ந்துவிட்டேன். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், இத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரையே இதயத் தசையைக் கெடுத்திருக்கிறது, அரிதாகச் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். அதை நிறுத்தினார்கள். மூச்சு மெல்லச் சீரானது. விரல்கள் மறுபடி விறைத்துக்கொண்டன. வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அது இன்னும் வேலை செய்யவில்லை.

என் பலகையில் கொழுந்தனார் மனைவி உட்கார்ந்தாள். அடுத்த அறையில் படுத்தபடி, அவள் போடும் நாடாவின் சத்தத்தில் ஒரு தப்பாவது கேட்காதா என்று காத்துக் கிடந்தேன். வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பாதியில் கை மாறிய அந்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கிய அன்று, விரித்து வைத்து அவள் கோணலைத் தேடினேன். கோணல் இருந்தது. உடலும் கரையும் சேரும் இடத்தில் இரண்டு சாண் தூரம் தளர்ந்து கிடந்தது. அது நான் சாய்வதற்கு முன்பு நெய்தது. அவள் கை பட்டதிலிருந்து ஒரே நேர்.

"இதை நீங்க பார்க்கலையா?" என்று அவரைக் கேட்டேன்.

"அப்பவே பார்த்தேன். சொன்னா எழுந்து போயிடுவியேன்னு விட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் தறியில் மீதம் இருந்த அதே பாவு நூலில் அடுத்த சேலையைத் தொடங்கினார்கள். பலகையில் அவள்தான் உட்கார்ந்தாள்.