திமிங்கலம் வந்தால் கேசரி

திமிங்கலங்களையும் டால்பின்களையும் நான் பஜ்ஜிக்கு விற்றேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. விலங்கியலில் எம்.எஸ்சி. படித்தவன், சேலையூரில் சொந்த வீடு கட்டியவன், தெரிந்தேதான் செய்தேன். இந்த வேலைக்கு இனி வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. என் வேலை

கடலுக்கடியில் எண்ணெயோ கனிமமோ இருக்கிறதா என்று தேடும் சர்வே கப்பல், ஏர் கன் என்ற கருவிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அழுத்தி அடைத்த காற்றை அவை நீருக்குள் வெடிப்பதுபோல் வெளியே விடும். அந்தச் சத்தம் கடல் தரைக்குள் போய்த் திரும்பி வருவதை வைத்துக் கீழே என்ன இருக்கிறது என்று கணிப்பார்கள். சில விநாடிகளுக்கு ஒரு வெடி, இரவும் பகலும்.

திமிங்கலமும் டால்பினும் கண்ணைவிடக் காதை நம்பி வாழ்பவை. இரை தேடுவது, வழி கண்டுபிடிப்பது, குட்டியைக் கூப்பிடுவது எல்லாம் சத்தத்தால்தான். நம் வீட்டுக் கூடத்தில் யாராவது நாள் முழுக்கச் சரவெடி கொளுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்? அவற்றுக்கும் அப்படித்தான்.

அதனால் கப்பலில் ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். மேல்தளத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்து, ஏர் கன் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் சுற்றிலும் பார்க்க வேண்டும். பக்கத்தில் திமிங்கலமோ டால்பினோ தெரிந்தால் "நிறுத்து" என்று சொல்லலாம். அவை விலகிப் போகும்வரை வேலை நின்றாக வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம். கப்பலில் இருந்த காலம் முழுவதும் அதை நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

2. முதல் நாள்

முதல் நாள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வேக்குப் பொறுப்பான பார்ட்டி சீஃப் சம்பத் மேலே வந்தார்.

"சார், டீ டைம். கீழ மெஸ்ல சூடா வாழைக்காய் பஜ்ஜி. வாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கணுமே சம்பத்."

"கடல் எங்க சார் ஓடிடப் போகுது? பஜ்ஜி ஆறிடும்."

மெஸ் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது. அதற்கு ஜன்னல் கிடையாது. சமையல்காரர் ஏழுமலை, குரோம்பேட்டைக்காரர், தட்டை என் முன்னால் தள்ளினார். "துன்னு சார். மேல வெயில்ல காஞ்சிகினு இருந்தா யாரு பாக்கப் போறா?"

நான் திரும்பி மேலே போனபோது ஏர் கன் வெடித்துக்கொண்டிருந்தது. "ஒண்ணும் இல்லையே சார்?" என்றார் சம்பத். எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. நான் பார்க்கவில்லை.

எனக்கு விஷயம் புரியச் சில வாரங்கள் ஆயின. கடல் வெறிச்சோடிக் கிடக்கும் நாட்களில் டீயோடு பிஸ்கட்தான் வந்தது. சில நாள் மட்டும் பஜ்ஜி. காரணத்தை ஏழுமலையிடமே கேட்டேன்.

"இன்னா சார், எம்மாம் படிச்சிருக்க, இது தெரியாதா? டால்பின் கண்ணுல பட்டா சீஃப் இன்டர்காம்ல சொல்வாரு. நான் சட்டிய அடுப்புல வெப்பேன். டால்பினுக்கு பஜ்ஜி. திமிங்கலம் வந்தா கேசரியும் சேத்து."

வெட்கமுள்ளவன் அந்த இடத்திலேயே தட்டை வைத்துவிட்டு எழுந்திருப்பான். நான், "கேசரியில முந்திரி போடுவியா?" என்று கேட்டேன்.

3. தொழிலில் முன்னேற்றம்

அதற்குப் பிறகு வங்காள விரிகுடாவில் என் அளவுக்கு அக்கறையோடு டால்பின் தேடியவர் யாரும் இருந்திருக்க மாட்டார். தொலைவில் ஒரு முதுகுத் துடுப்பு நீரைக் கிழித்தால் போதும், சம்பத்துக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். பார்த்ததும் இன்டர்காமை எடுப்பேன். ஏர் கன் அறைக்கு அல்ல, சமையலறைக்கு.

"ஏழுமலை, வலது பக்கம் ஒரு கூட்டம் வருது."

"வெங்காயமா, மொளகாயா சார்?"

"கூட்டம் பெரிசு. ரெண்டும் போடு."

பிறகு கீழே இறங்கி, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, எதையும் பார்க்காமல் சாப்பிடுவேன். லீவில் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க, கப்பல்ல வேலையா, கல்யாண வீட்டுல வேலையா?" என்றாள். கடல் காற்று உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று சொன்னேன்.

4. கேசரி

ஒருநாள் காலை, ஏர் கன் தொடங்குவதற்கு முன், இடது பக்கம் ஒரு தாய்த் திமிங்கலமும் குட்டியும் வந்தன. நீருக்கடியில் ஒலி கேட்கும் ஹைட்ரோபோன் என் ஹெட்செட்டில் இணைந்திருந்தது. தாய் எழுப்பிய டக் டக் ஒலி தெளிவாகக் கேட்டது. நடுவே சின்னதாக, தாளம் தப்பி, இன்னொரு டக் டக். குட்டி பழகிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்டர்காம் அடித்தது. "சார், கேசரி ரெடி. முந்திரி தூக்கலா கீது."

"இன்னைக்கு வேண்டாம் ஏழுமலை" என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பத் படியில் நின்றுகொண்டிருந்தார். என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போனேன்.

சாப்பிடும்போது ஒவ்வொரு வெடிக்கும் தட்டில் ஸ்பூன் நடுங்கியது. அதற்கு முன்பும் நடுங்கியிருக்கும். அன்றுதான் கவனித்தேன். மேலே வந்து ஹெட்செட்டை மாட்டினேன். வெடிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. கடலும் காலியாக இருந்தது. எதுவும் காணப்படவில்லை என்று எழுதினேன்.

அதன்பின் நான் கேசரி சாப்பிட்டதில்லை. பஜ்ஜியை விடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

5. கூடுவாஞ்சேரியில் கடல்

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து, அதே கடல் பகுதியில் தரையைத் தோண்டிக் கனிமம் எடுக்கப்போவதாகவும், அதற்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்றும் பேப்பரில் அறிவிப்பு வந்தது. கம்பெனியின் அறிக்கைச் சுருக்கத்தை வாங்கிப் படித்தேன். முன்பு நடந்த சர்வேயில் இப்பகுதியில் திமிங்கலமோ டால்பினோ காணப்படவில்லை, ஆகவே கண்காணிப்பாளரே தேவையில்லை என்று போட்டிருந்தது. அந்த முந்தைய சர்வே என்பது நான்தான். நான் தின்ற பஜ்ஜி அத்தனையும் அங்கே ஆதாரமாக உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இனி "நிறுத்து" என்று சொல்லக்கூட அங்கே ஓர் ஆள் இருக்கமாட்டார்.

வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பஜ்ஜிக்காகவா?" என்றாள். பிறகு, "நான் போட்டா மட்டும் எண்ணெய் ஜாஸ்தின்னு சொல்வீங்க" என்றாள். கடைசியில் கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

ஏழுமலை மேற்குத் தாம்பரத்தில் தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருந்தார். சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"நான் பஜ்ஜிதானே சார் போட்டேன். துன்னது நீ."

"அதைத்தான் வந்து சொல்லச் சொல்றேன்."

கூட்டம் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. "கடலப் பத்திப் பேச இங்க வரச் சொல்லிக்கீறீங்களே சார், கடல் இங்க மாத்தலாயி வந்துடுச்சா?" என்று ஒரு மீனவர் கேட்டார். கூட்டத்தை நடத்திய அதிகாரி தண்ணீர் குடித்தார்.

சம்பத்தும் வந்திருந்தார், கம்பெனியின் ஆலோசகராக. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்! எவ்ளோ நாளாச்சு! வெயிட் போட்டுட்டீங்களே."

"நீங்க போட்டதுதான் சம்பத்."

அவர் சிரித்தார். "உங்க டர்ன் வர லேட்டாகும் சார். பின்னாடி டைனிங் ஹால்ல டிபன் சூடா இருக்கு. போய்ச் சாப்பிட்டு வாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், என் கால்கள் தாமாக எழுந்து பந்திக்கூடத்தை நோக்கி நடந்தன. கதவருகே போனபோது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"யோவ் சார், எங்க போற? பழக்கதோஷமா?" என்றார் ஏழுமலை. அதே நேரம் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பேசினேன். பஜ்ஜி என்றதும் சபை சிரித்தது. "பெரியவரே, விளையாடறீங்களா?" என்றார் அதிகாரி.

"நெசந்தான் சார். நான்தான் போட்டேன்" என்று ஏழுமலை எழுந்தார்.

"இதுக்கெல்லாம் என்ன ஆதாரம்?" என்றார் சம்பத்.

வசந்தா எழுந்தாள். "இவர் வயித்தப் பாருங்க."

மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் தாயையும் குட்டியையும் பற்றிச் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. முன்பு பேசிய மீனவர் மறுபடி எழுந்தார். "எங்க வலையில டால்பின் மாட்டுனா வலைய அறுத்து வுட்டுட்டு, நஷ்டத்தோட கரைக்கு வருவோம். உன்னால ஒரு தட்டக் கீழ வெக்க முடியலையா சார்?"

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன்.

6. பின்னர் நடந்தது

கனிமத் திட்டத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. வருமா, எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. என் பழைய அறிக்கைகளை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, சர்வேயைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. இனி இரண்டு கண்காணிப்பாளர்கள். நிபந்தனைகளின் கடைசியில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "கண்காணிப்பாளரைப் பணி நேரத்தில் சிற்றுண்டியின் பொருட்டு இடம்பெயரச் செய்தல் கூடாது." அரசாங்க பாஷையில் என் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். வசந்தா அதை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். எங்கள் தெருவில் என்னைப் பஜ்ஜி சார் என்கிறார்கள். ஏழுமலை தன் வண்டிக்கு வருகிறவர்களுக்கு என் கண் முன்னாலேயே பஜ்ஜியைத் தட்டு தட்டாக எடுத்துக் கொடுப்பார், எனக்கு மட்டும் தரமாட்டார்.

வேலைக்கு வருகிறவர்களே, யார் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். பசித்தால் தட்டை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள்.

அந்தத் தாயும் குட்டியும் அன்றைக்கு எந்தப் பக்கம் போயின, சேர்ந்துதான் போயினவா என்று இப்போதும் யோசிக்கிறேன். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.