வாய்க்குள் ஐந்து நிமிடம்

பல் மருத்துவரின் உதவியாளராக வேலை செய்வதில் ஒரு வசதி உண்டு: நாம் என்ன ஏசினாலும் எதிரில் இருப்பவர் திருப்பிப் பேச முடியாது. அந்தச் சாய்கதிரையில் வாயைப் பிளந்தபடி ஏச்சு வாங்கிய அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜெர்மனியின் எசன் நகரில் பத்து வருடம் நான் ஏசியிருக்கிறேன்.

கறுப்பு

வயது போகப்போக ஈறு இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு மேலே கவசம் கிடையாது. நனைந்த பலகை மாதிரி இளகிச் சொத்தையாகிவிடும். ஆரம்பத்திலேயே பிடித்தால் துளை போட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோரைட் பூச்சைத் தடவி வந்தால் இளகிய வேர் மறுபடி இறுகும். நிறம் மட்டும் கறுத்துத்தான் இருக்கும்.

நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஜெர்மன் கிழவர் ஒருவர் வருவார். ஒரு வருடம் பூசியபின் அவர் வேரைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ஆனால் கறுத்துவிட்டதே என்று நான் இழுக்க, அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பரவாயில்லை அம்மணி, நாற்பது வருடம் நான் பார்த்த நிறம் அதுதான்."

எச்சில்

தேவி அக்கா எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். நாக்கில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் போனது, கூடவே உமிழ்நீரும் வற்றிப்போனது. காய்ந்த வாயில் வேர்கள் சில மாதத்தில் அழுகிவிடும். அழுகிய பல்லைப் பிடுங்கவும் பயம். கதிர்பட்ட தாடையில் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம்.

அதனால் அவருக்கு ஆயுள் முழுக்க ஒரு கடமை. பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் கூட்டில் புளோரைட் களிம்பைத் தடவி, தினமும் ஐந்து நிமிடம் மாட்டியிருக்க வேண்டும். பிறகு துப்பலாம், கொப்பளிக்கக்கூடாது. அக்கா கொப்பளித்தார். எத்தனை தரம் சொன்னாலும் கொப்பளித்தார். ஒருநாள் அதட்டிக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மருந்தெண்டாலும் எச்சில் எச்சில்தானே. வாய் கொப்பளியாமல் விளக்குக் கொளுத்த ஏலுமே, தங்கச்சி?"

பத்து மணி

காலையில் சாமி கும்பிட்டு முடித்துப் பத்து மணிக்கு மாட்டுங்கோ என்று நான்தான் வழி சொன்னேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு வருடம் ஒரு வேர்கூட இளகவில்லை.

பிறகு வன்னியில் சண்டை முற்றிய அந்தக் குளிர்காலம் வந்தது. ஒரு பரிசோதனைத் தவணைக்கு அக்கா வரவில்லை. அடுத்த தவணை வந்து வாயைத் திறந்தார். ஈறோரம் முழுக்கப் பழுப்பு. சோதிக்கும் ஊசியை வைத்த இடமெல்லாம் உள்ளே இறங்கியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐஞ்சு நிமிஷம் ஏலாதோ அக்கா? தாடை போனால் என்ன செய்வீங்கள்?" பல் பார்க்கும் என் கண்ணாடி வாய்க்குள் இருந்ததால் அவர் பேசாமல் கிடந்தார்.

கண்ணாடியை எடுத்ததும் சொன்னார். வன்னியில் இருந்த தம்பியிடமிருந்து மூன்று மாதமாகத் தகவல் இல்லாமல் இருந்தது. பிறகு ஒருநாள் யாருடைய போனிலோ கூப்பிட்டிருக்கிறான், காலை பத்து மணிக்கு. காய்ந்த வாயில் கூடு ஒட்டிக்கொள்ளும், சட்டென்று கழற்ற வராது. கழற்றுவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அவன் இன்னொரு தரம் கூப்பிட்டால் பேச வேண்டுமே என்று, அன்றோடு கூட்டை எடுத்து வைத்துவிட்டார். "மூண்டு தரம் அக்கா எண்டு கூப்பிட்டவன், தங்கச்சி. நான் மாடு மாதிரி ம்ம் எண்டனான்."

மொழிபெயர்ப்பு

மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, ஏன் இப்படி ஆனது என்று என்னிடம் கேட்டார். நான் இங்கேயே படித்து வளர்ந்தவள், ஜெர்மன் தெரியாமல் இல்லை. ஆனால் வாய் வரவில்லை. "மறந்துவிட்டாராம்" என்றேன். பத்து மணியைக் குறித்துக் கொடுத்தவள் நான் என்பதையும் விழுங்கிவிட்டேன். அந்தப் பொய் இன்றும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. மருத்துவர் கெட்ட மனிதர் இல்லை. கையுறையைக் கழற்றியபடி அலுத்துக்கொண்டார், அவ்வளவுதான்: "ஒரு நாளைக்கு ஐந்தே நிமிடம். அதையும் மறக்கிறவருக்கு நான் என்ன செய்ய?"

மறுபடி பத்து மணி

வாரத்துக்கு ஒருமுறை வரவழைத்துப் பூச்சுத் தடவினோம். வேர்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து இறுகின. ஒரு கடைவாய்ப்பல் மட்டும் தப்பவில்லை. அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். புண் ஆற மாதக்கணக்காயிற்று. நல்ல காலம், தாடை பிழைத்தது.

வன்னியில் சண்டை முடிந்தபின், இலையுதிர்காலத்தில் அக்கா வந்தபோது ஒரு புதுச் சொத்தைகூட இல்லை. தம்பியைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பல்லைப் பற்றித்தான் கேட்டேன்: "இப்ப ஒவ்வொரு நாளும் போடுறீங்களோ அக்கா?" அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். "ஓம் தங்கச்சி, பத்து மணிக்குப் போடுறன். இனி ஆரும் கூப்பிட மாட்டினம்."

இளகிய வேரை இறுக வைக்கிற மருந்து எங்கள் அலுமாரியில் எப்போதும் இருக்கிறது. அதை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாது என்பதுதான் அதன் ஒரே குறை.