நாலாவது பிளேயர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், ஜன்னலெல்லாம் திறந்திருந்த ஒரு வீட்டில் நடந்தது. இருட்டும் இல்லை, கரண்டும் போகவில்லை. யாருக்கு நடந்தது என்று சொன்னால், நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே புரியும்.

அவள் ஒரு காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் நர்ஸ். பல வருடமாக அடுத்தவர் காதுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு. தார் மாதிரி இறுகிப்போன குறும்பி, உடைந்த பென்சில் முனை, கரப்பான்பூச்சியின் கால், சீழில் ஊறி நாறும் பஞ்சு... எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குழந்தையின் காதிலிருந்து முளைவிட்ட பயறை இடுக்கியால் எடுத்துப்போட்டுவிட்டு, கையைக் கழுவி, நேராகப் போய் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அவள். "உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையாம்மா?" என்று டாக்டரே கேலி செய்வார்.

அப்படிப்பட்டவளைக் குடல் வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுக்க வைத்த விஷயம் இது.

அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. பாதி வருடம் கடலில்தான். துணைக்குத் தம்பி கூட இருந்தான். கல்யாணம் ஆகாதவன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். ஆனால் அவன் உயிர் இருந்தது வேறு இடத்தில். பழைய பாட்டு பிளேயர்களை வாங்குவான், பழுது பார்ப்பான், ஒன்றோடொன்று ஒப்பிட்டு வீடியோ போடுவான். சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் பாட்டுப்பெட்டி.

ஒரு சனிக்கிழமை பாட்டுப்பெட்டி வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தான். பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கிறவர் ஒருவரிடமிருந்து மினிடிஸ்க் பிளேயர் ஒன்று கிடைத்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. சுற்றிலும் ஒரு இயர்போன் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு டிஸ்க்.

"என்னடா இது, தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கு?"

"அக்கா, இதோட அருமை தெரியாம பேசாத. கேசட் மாதிரி அழிச்சு அழிச்சுப் பதியலாம். சிடி மாதிரி சுத்தமா கேக்கும். பைக்குள்ள போட்டுக்கிட்டு ஓடினாலும் பாட்டு குதிக்காது."

"அவ்வளவு நல்லதுன்னா ஏன் காணாம போச்சு?"

"வந்த நேரம் சரியில்ல. முன்னால சிடி உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுச்சு. பின்னால எம்பி3 வந்து முதுகுல ஏறிடுச்சு. நல்லா படிச்சும் வேலை கிடைக்காத பையன் மாதிரி ஆயிடுச்சுக்கா இது."

சொல்லிக்கொண்டே அந்த இயர்போனைக் காதில் செருகப் போனான். அவள் பட்டென்று அவன் கையைத் தட்டினாள்.

"யார் காதுல கிடந்ததோ! குடுடா இங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடது பக்கத்து வலையில் குறும்பி அப்பியிருந்தது. பழசாகிவிட்ட குறும்பி கறுத்து, காய்ந்து, உதிரும். இது தேன் நிறத்தில் மினுமினுத்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது பஞ்சு, மூன்றாவது பஞ்சு. பிளேயரின் மேலுறையும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

"பழைய ரப்பர் அப்படித்தான்க்கா உருகும்" என்றான் தம்பி. அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மேஜையைத் துடைக்கும்போது பார்த்தால்... அதே இடது பக்கம். அதே தேன் நிறம்.

"ஏன்டா, குளிக்கும்போது காதைக் கழுவவே மாட்டியா?"

அவனைப் பிடித்து உட்காரவைத்து, டாக்டர் கழித்துக் கொடுத்த பழைய காது டார்ச்சால் பார்த்தாள். இரண்டு காதும் துடைத்துவைத்த மாதிரி சுத்தம்.

அவள் மறுபடி துடைத்தாள். புதன்கிழமை மறுபடி இருந்தது. இந்தத் தடவை அதில் ஒரு முடி ஒட்டியிருந்தது. குட்டையான, வெள்ளை முடி. வீட்டில் யாருக்கும் நரை கிடையாது. தொட்டபோது குறும்பி இளஞ்சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல.

அவளுக்கு முதல்முறையாகக் கை கூசியது. தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"இந்த இயர்போன் வேண்டாம். தூக்கிப் போடு."

"சரிக்கா, சரிக்கா."

அவன் போடவில்லை. ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதையேதான் மாட்டிக்கொண்டு போனான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒப்பீட்டு வீடியோ எடுக்க நாலு பிளேயரையும் மேஜையில் வரிசையாக அடுக்கினான். கேசட், சிடி, எம்பி3, கடைசியில் மினிடிஸ்க். நாலிலும் ஒரே பாட்டு. புல்லாங்குழல் மட்டும் வரும் மெதுவான பாட்டு.

"அக்கா, நீ சுவரைப் பாத்து உக்காரு. கண்ணை மூடிக்க. ஒண்ணு ஒண்ணா போடுறேன். எது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு. எந்த பிளேயர்னு நான் சொல்ல மாட்டேன்."

காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். அது புதுசு. அவள் கையாலேயே உறையைப் பிரித்தது. அதனால்தான் சம்மதித்தாள்.

முதலாவது. பாட்டுக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல். கேசட் என்று சிரித்துக்கொண்டாள்.

இரண்டாவது சுத்தமாக இருந்தது. மூன்றாவது கொஞ்சம் தகரம் தட்டுவதுபோல் இருந்தது.

அப்புறம் சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாலாவது ஆரம்பித்தது.

அப்படி ஒரு தெளிவை அவள் கேட்டதே இல்லை. குழல் ஊதுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பரவாயில்லையே, பையன் பீற்றிக்கொண்டது சரிதான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் பாட்டுக்கு அடியில் இன்னொன்று கேட்டது.

சளக்... சளக்...

ஈரமான சத்தம். குழைந்த கஞ்சிக்குள் விரலை விட்டுக் கிளறுவதுபோல. அப்புறம் இன்னொன்று சேர்ந்தது. அப்புறம் பல. பொடிப்பொடியாக, அவசரமில்லாமல், எதையோ தின்றுகொண்டே இருக்கிற சத்தம்.

பாட்டு முடிந்தது.

சத்தம் முடியவில்லை.

அது ஹெட்போனிலிருந்து வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதைவிடக் கிட்டத்தில் இருந்தது. இடது காதுக்கு உள்ளே.

"டேய், நாலாவதுதான்டா நல்லா இருக்கு... ஆனா உள்ள என்னமோ..."

கண்ணைத் திறந்து திரும்பினாள்.

அறையில் யாரும் இல்லை.

ஹெட்போனின் ஒயர் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயரின் முனை எதிலும் செருகியிருக்கவில்லை.

மேஜையில் மினிடிஸ்க் பிளேயர் மட்டும் 'விர்ர்ர்' என்று சுற்றிக்கொண்டிருந்தது.

சளக்...

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் நின்றது. காதைத் தொட்டாள்.

ஈரம்.

விரலில் பழுப்பாக ஏதோ நூல்போல நீண்டது. வாடை வந்தது. சீழ் வாடை அவளுக்குத் தெரியும். இது சீழ் இல்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம். தம்பி இறங்கி வந்தான்.

"டேங்க் வழிஞ்சுதுக்கா, மோட்டாரை நிறுத்தப் போனேன். சொல்லிட்டுத்தானே போனேன், கேக்கலையா? இனிமேதான் நாலாவது போடணும்."

"நீ போடலையா?"

"மூணோட நிறுத்திட்டுப் போனேன்."

அவன் பிளேயரைப் பார்த்தான். டிஸ்க் சுற்றுவதைப் பார்த்தான்.  தன்னையறியாமல் இடது காதுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"அக்கா... உன்கிட்ட சொல்லல. மூணு நாளா இந்தக் காது அடைச்சிருக்கு. உள்ள என்னமோ ஊருது."

அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் கைக்குப் பழக்கமான வேலை அது. அவனை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, டார்ச்சைக் காதில் வைத்தாள்.

செவிப்பறை தெரியவேண்டிய இடத்தில் பறை தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அது மெல்ல எழும்பித் தணிந்தது.

அவன் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துக் காதுக்கு அடியில் பிடிக்கச் சொல்லி, இடுக்கியை விட்டாள்.

பிடித்து இழுத்தாள்.

முடி. வெள்ளை முடி. ஒன்று, இரண்டு இல்லை. கொத்து. ஈரமாக, ஒன்றோடொன்று பின்னி, வழுக்கிக்கொண்டு வந்தது. சாக்கடை அடைப்பிலிருந்து இழுப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. அந்தச் சின்னக் காதுக்குள் அவ்வளவு எப்படி இருந்தது?

"அக்கா, வலிக்குது..."

"அசையாத."

கடைசியில் 'பொளக்' என்று கழன்றது. கொத்தின் நுனியில் நகத்தளவு தோல் இருந்தது. பச்சை பூத்த தோல்.

அந்தத் தோலிலிருந்து குருணை அரிசிபோல ஒன்று கிண்ணத்தில் விழுந்தது.

நெளிந்தது.

இன்னொன்று.

சளக்... சளக்...

அவள் இடுக்கியைப் போட்டுவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் குமட்டல் நிற்கவில்லை.

திங்கட்கிழமை தம்பியை டாக்டரிடம் கூட்டிப்போனாள். கிண்ணத்தில் இருந்ததை ஒரு மருந்து பாட்டிலில் மூடி எடுத்துக்கொண்டாள். டாக்டர் அவன் காதை நெடுநேரம் பார்த்தார்.

"காது சுத்தமா இருக்கேம்மா. புண்ணு இல்ல, கீறல்கூட இல்ல."

பாட்டிலைக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்தார். உடனே மூடினார். அவள் அவரிடம் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் அவர் மூக்கைப் பொத்திப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது எங்கிருந்து கிடைச்சுது?"

"இவன் காதுலேருந்துதான் சார்."

"விளையாடாதம்மா. இது செத்தவங்க தோலு. செத்து ரொம்ப நாள் ஆனவங்க."

  தம்பிக்குக் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்த்ததில் இடது காது பாதிக்குப் பாதி போயிருந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை திரும்பவும் இல்லை. வீடியோவை அவன் போடவே இல்லை. மற்ற மூன்று பிளேயரையும் கேட்டவர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டான்.

மினிடிஸ்க்கை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கையுறை போட்டு, டிஸ்க்கோடும் இயர்போனோடும் சேர்த்துச் சுருட்டி, கிளினிக்கில் எரிப்பதற்கு என்று கொடுக்கும் கழிவுப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். வண்டி வந்து பையை எடுத்துக்கொண்டு தெரு திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

அப்புறமும் மனது கேட்கவில்லை. சாமான்காரரைத் தேடிப் போனாள். கடை என்றால் கடை இல்லை, ஒரு ஷெட். ஒயர் குவியல்களுக்கு நடுவில் உட்கார்ந்து ரேடியோ ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் தம்பிக்கு ஒரு சின்ன பிளேயர் குடுத்தீங்களே. அது யாரோடது?"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"எதுக்கும்மா? ரிப்பேரா?"

"யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வீடு காலி பண்ற வேலைக்குப் போனப்ப கிடைச்சதும்மா. தனியா இருந்த வயசான மனுசன். படுத்தபடியே போயிட்டாரு. ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கும்னு போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டர் சொன்னாராம். கதவை உடைச்சு உள்ள போனவன் ஒருத்தன்கூட நிக்கலையாம், அப்படி நாத்தம். காதுல அது மாட்டினபடியே இருந்துச்சாம். கழட்டும்போது..." நிறுத்தினார். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா."

"ஒரு மாசமா பக்கத்து வீட்டுல யாருக்குமே தெரியலையா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சுவரை ஒட்டின வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க இன்னும் நம்பவே மாட்டேங்குறாங்க. காதுல பாட்டு போட்டுக்கிட்டுக் கூடவே பாடுறது அந்த மனுசனோட பழக்கமாம். கதவை உடைக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அவர் பாடுறது கேட்டுச்சு, அதனாலதான் போய்ப் பாக்கலைன்னு சத்தியம் பண்றாங்க."

அவள் இடது காதைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் பாடினாராம்மா" என்றார் அவர். "கடைசி ஒரு மாசம் மட்டும் குரல் ஒரு மாதிரி இருந்துச்சாம். வாய் நிறைய எதையோ வச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி."