ஒரு கிளாஸ் சீனியர்

“வயசாயிடுச்சு, வீட்டுல இருங்கன்னாங்க. எதை வெச்சு இருக்கறதுன்னு சொல்லலையே, உனக்குத் தெரியுமா?” என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்த்தான் எனக்குப் பழக்கம்.

நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது பெரியம்மாவின் வேலை. ஆள் அனுப்பும் ஏஜென்சி அறுபதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. அவருக்கு எழுபது. விண்ணப்பத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதியது நான்தான். ஏஜென்சிக்காரர் அடையாள அட்டை எதையும் கேட்கவில்லை, தலைமுடியைத்தான் பார்த்தார். அதற்கு முதல் நாளே சாயம் பூசியிருந்தோம்.

பெரியம்மா போன வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். வயது அறுபத்தொன்பது. முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

“ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணித் தூக்கறியே, நான் என்ன மூட்டையா?”

“மூட்டை இவ்வளவு பேசாது டீச்சர்.”

ஒரு நாள் காலை பெரியம்மா தலைசீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, பெருவெள்ளத்தால் பள்ளிக்கூடங்களை ஒரு மாதம் மூடிய கதையை டீச்சர் எடுத்தார். “அப்போ நான் நாலாங்கிளாஸ்.”

“நான் அஞ்சு! உங்களுக்கு ஒரு கிளாஸ் சீனியர். மரியாதையாப் பேசுங்க.”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மாத்திரையோடு அறை வாசலில் நின்ற டீச்சரின் மகள் சிரிக்கவில்லை.

அதுவரை பெரியம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டவர் அன்று மாலை, “பாட்டிம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? வீட்டுல நிம்மதியா இருங்க” என்றார்.

“ஆறு மாசமா ஒரு தடவையாவது கீழ விட்டிருக்கேனாம்மா?”

“விட்டா யார் பொறுப்பு?”

உள்ளேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்: “அவளை அனுப்பாதடி. அவ கை எனக்குப் பழகிடுச்சு.”

“அம்மா, நீ சும்மா இரு. உனக்கு ஒன்னும் தெரியாது” என்று மகள் கதவைச் சாத்தினார்.

அந்த மகள் கெட்டவர் இல்லை. அக்கறையோடுதான் பேசினார். ஆனால் அன்று அந்த வீட்டில் இரண்டு பேரின் வாயை வயதைச் சொல்லியே அடைத்துவிட்டார்.

பெரியம்மா இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறார். அங்கும் ஐம்பத்தெட்டுதான். அந்த வீட்டுப் பெரியவர் பழைய கதை பேசும்போதெல்லாம், தான் அப்போது பிறக்கவே இல்லை என்பதுபோல, “அப்படியா?” என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாராம்.

இதைப் படித்தவர்கள், வீட்டில் ஆள் வைத்திருக்கும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். எந்த வீடு என்று கேட்டால் மட்டும், தெரியாது என்றுவிடுங்கள்.