எஸ்தர் அனுப்பச் சொன்ன திருத்தம்

மாரிக்குப்பத்தில் பெங்களூர் வண்டி ஏறி, பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எஸ்தருக்கு இடம் பிடித்திருந்தேன். வழியில் ஊரிகத்தில் அவர் ஏறவில்லை. இரண்டு முறை கூப்பிட்டும் கைப்பேசியை எடுக்கவில்லை. பங்காருபேட்டையில் வண்டி நின்றபோது அவருடைய அண்ணன் தேவதாஸ் கூப்பிட்டார்.

"வசந்தாம்மா, எங்க கீறீங்க? பாப்பா குளிச்சிட்டு வந்து உக்காந்துச்சு, அவ்ளோதான். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். உசுரு இல்லன்னு சொல்லிட்டாங்க."

ஐம்பத்தொரு வயதிலும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். நான் இறங்கி, ஊருக்குத் திரும்பும் வண்டிக்காக நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை. இதை எழுதும் இப்போதும் மூன்று முறை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பெங்களூரில் ஒரு தாவர ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். முதல் நாளே எஸ்தர் என் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைப் பார்த்துவிட்டு, "இன்னா, இதைக் கழுவிட்டியா, இல்ல சும்மா தண்ணி காட்டினியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் தண்ணீர் மட்டும்தான் காட்டியிருந்தேன்.

எங்கள் ஆராய்ச்சி நெல்மணிக்குள் இருக்கும் செல்களைப் பற்றியது. மணி பால் பிடிக்கும் நாட்களில் அந்தச் செல்கள் ஓயாமல் புரதம் தயாரிக்கின்றன. ஒவ்வொரு புரதமும் தனக்குரிய வடிவத்தில் மடிய வேண்டும். சரியாக மடியாதவை சேர்ந்துவிட்டால் செல் திணறும். அப்போது அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ரயிலில் கூட வரும் பெண்கள் இதைக் கேட்டபோது நான் அரைமணி நேரம் பேசினேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. எஸ்தர் இப்படிச் சொன்னார்:

"மைன்ஸ்ல லெவல்ல பாறை வெடிச்சி விழுந்தா இன்னா பண்ணுவாங்க? மேலேர்ந்து வெட்டறதுக்குப் புது ஆளை இறக்க மாட்டாங்க. முட்டுக் குடுக்கறவங்களை நெறைய அனுப்புவாங்க. விழுந்ததை அள்ளி வெளிய போடுவாங்க. அப்பவும் சரியாவலன்னா அந்த லெவலையே மூடிடுவாங்க. நெல்லுக்குள்ள இருக்கற செல்லும் அதான் பண்ணுது."

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் தளத்தைத்தான் லெவல் என்போம். அவருடைய அப்பா அங்கே மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். பெண்கள் தலையாட்டினார்கள். பெரிய படிப்புப் படித்த நானும் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இனி நான் சொல்லப்போவது இரங்கல் கட்டுரைகளில் வழக்கமாக வருவதில்லை. ஆய்வகம் வெளியிட்ட அஞ்சலிக் குறிப்பில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எழுதிய ஒரு கட்டுரையை எஸ்தரின் தலைசிறந்த சாதனை என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரை தவறு. தவறு என்னுடையது.

ஒரு புரதம் சரியாக மடியாதபடி மாற்றிய நெல்லையும் சாதாரண நெல்லையும் அதில் ஒப்பிட்டிருந்தோம். பூத்த நாளில் கதிரில் கம்பளி நூல் கட்டி, நாள் எண்ணி, காலை பத்து மணிக்கு மணிகளைப் பறித்து உறைய வைக்க வேண்டும். வெயில் ஏறினால் செல்கள் வெப்பத்துக்கும் பதறும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. சாதாரண நெல்லை நேரத்துக்குப் பறித்தோம். மாற்றிய நெல்லின் முறை வந்த நாளில் வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டரை. நாளைத் தள்ளிப்போட முடியாது என்று நெல் வளர்க்கும், அனல் பறக்கும் வலைக்கூடத்துக்குள் ஓடி இருவரும் பறித்தோம். பறித்த நேரத்தை ஆய்வுப் பதிவேட்டில் எழுதியது நான்.

எங்களைப் போல் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி எத்தனை மணிக்குக் கொண்டுவிட்டாலும் வருகைப் பதிவேட்டில் பத்து என்றுதான் எழுதுவோம். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அன்றைக்கும் கை தானாகப் பத்து என்று எழுதியது. முடிவுகள் வந்தபோது வித்தியாசம் மலைபோல் இருந்தது. கட்டுரை எழுதினோம். கைதட்டினார்கள்.

வண்டி தாமதமாகும் நாட்களைச் சின்ன டைரியில் குறித்துவைப்பது எஸ்தரின் வழக்கம். அதை ஏதோ காரணத்துக்காகப் புரட்டி அந்தத் தேதியைக் கண்டவர், ஐந்து மாதங்களுக்கு முன் ஆய்வுப் பதிவேட்டோடு என் முன்னால் வந்து நின்றார். அதற்குள் தானாகவே மறுபடி நெல் வளர்த்து, சரியான நேரத்தில் பறித்தும் பார்த்திருந்தார்.

"வித்தியாசம் இருக்குது வசந்தா. ஆனா நாம சொன்ன அளவு இல்ல. பாதிக்கு மேல வெயில் பண்ண வேலை."

திருத்தக் கடிதத்தை அவரே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இருவரும் கையெழுத்திட்டால்தான் இதழ் ஏற்கும். எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல் இருந்தது. அது முடியட்டும் என்றேன். முடிந்தது. உத்தரவு வரட்டும் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலில் வந்தேன். அவர் திட்டவில்லை, யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் ஒரே ஒரு கேள்வி: "அனுப்பிட்டியா?" அந்தக் கேள்விக்காகவே கடைசி மாதம் இரண்டு திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். அவர் மேல் எனக்கு வெறுப்புக்கூட வந்தது.

அடக்கத்தன்று ஊரிகத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்து பெட்டியை மூடும் நேரம். தேவதாஸ் அண்ணன் உள்ளே போய், அந்தக் கட்டுரையின் அச்சுப் பிரதியை எடுத்துவந்தார். ஆய்வகத்திலிருந்து வந்தவர்கள் கொடுத்ததாம்.

"இதைப் பாப்பா கையில வெச்சிடலாம்மா. அது சம்பாரிச்ச பேரு."

"வேணாம் அண்ணே," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவரைப் பந்தல் ஓரத்துக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். நின்ற வண்டி, பத்து மணி, திங்கட்கிழமைகள், எல்லாம். கோர்வையாக வரவில்லை; இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"அந்தக் கடுதாசி எங்க?"

ஐந்து மாதமாக என் பையிலேதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தங்கையின் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தார். அதன் பக்கத்தில் இருந்த காலி இடத்தையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வாடகை நாற்காலியின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்குள் வைக்கலாமா என்பதுபோல் அவரைப் பார்த்தேன்.

"இது மண்ணுக்குள்ள போற காயிதம் இல்லம்மா. நாளைக்கு அனுப்பிடுங்க," என்றார். அச்சுப் பிரதியை மடித்துத் தன் பையில் செருகிக்கொண்டார். "பாப்பா வெறுங்கையோட போவட்டும்."

அப்படியே பெட்டியை மூடினார்கள்.

எஸ்தர், இன்று திங்கட்கிழமை. அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை.