மூன்றாவது வீட்டுச் சாவி

தெற்கு இத்தாலியில், பசிலிகாத்தா மாநிலத்தின் சுற்றுலா வரைபடத்தில் தன் ஊரைப் பற்றி அச்சாகியிருந்ததைத் தொனாத்தா பார்க்காமலே சொல்வாள். "பியெத்ராஃபோஸ்கா. குகைக் கோயில், பழைய சுவரோவியம். பெரும்பாலும் பூட்டியிருக்கும்."

அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் ஒரு வருஷமாக அவள் தொண்டையில் முள்ளாக நின்றன.

ஜெர்மனியில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலையில் பத்தொன்பது வருஷம் உழைத்து, முதுகு போனபிறகு ஊர் திரும்பியவள் அவள். நான்கு ஊருக்கு ஒருவராக அலைந்துகொண்டிருந்த பாதிரியார், "நீ வீட்டிலதானே இருக்கே" என்று கோயில் சாவியை அவள் கையில் கொடுத்தார். பதினோரு வருஷம் ஆகிறது. சோப்பு நுரை காயாத கையோடும் கோழித்தீனிக் கிண்ணத்தோடும் ஓடிப்போய்த் திறந்திருக்கிறாள். திறக்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

போன ஆகஸ்டில் அந்த வரைபடத்துக்காகக் கணக்கெடுக்க வந்த ஆள் ரோக்கு புனிதரின் பவனி நாளில் வந்து சேர்ந்தான். ஊரே சிலைக்குப் பின்னால் போயிருந்தது. அவன் பூட்டைப் பார்த்தான், எழுதிக்கொண்டான், போய்விட்டான். பவனி முடிந்ததும் ஒரு ஜன்னலைத் தட்டிக் கேட்டால் சாவி வரும் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். வடக்கத்திக்காரன், அவனுக்குத் தெரியவில்லை.

இந்த அக்டோபரில் வரைபடத்தின் புதுப் பதிப்புக்காக மாநிலத் தலைநகர் பொதென்சாவிலிருந்து மிரெல்லா என்ற பெண் வருவதாகத் தகவல் வந்தது. பன்னிரண்டு பத்துக்குப் பேருந்து. திரும்பும் வண்டி மூன்றரைக்கு. தொனாத்தா எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். குகையில் மின்சாரம் இல்லை. சாயம் கெடும் என்று விளக்கு அடிக்கவும் தடை. வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து சுவரோவியத்திலிருக்கும் தலைமைத் தேவதூதரின் முகத்தில் விழுவது ஒன்றேகால் வரைக்கும்தான். வந்தவளை நேரே கோயிலுக்குக் கூட்டிப்போவது, படம் எடுத்ததும் மற்றதெல்லாம்.

மிரெல்லா பேருந்திலிருந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"காலைல ஒரு காப்பி குடிச்சேங்க. பரவால்ல, முதல்ல கோயிலப் பாத்துடலாம்."

அவ்வளவுதான். யோசித்து வைத்தது மொத்தமும் அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. பசித்த வயிற்றோடு ஒரு பெண்ணைப் படியேற்றிக் கூட்டிப்போனால் ஊர் என்ன சொல்லும்? "பத்து நிமிஷம். ஒரு வாய் சாப்பிட்டுப் போயிடலாம்" என்றாள் தொனாத்தா.

ரொட்டித்தூள் வறுத்துத் தூவிய பாஸ்தா வந்தது. அதற்கு மேல், எண்ணெயில் பொரித்து நொறுக்கிய சிவப்பு மிளகாய். முடிந்தது என்று மிரெல்லா எழுந்தபோது எதிர்வீட்டு நாவிதர் எஜீதியோ தன் தோட்டத்து ஒயினோடு நுழைந்தார். அவருடையதைக் குடித்துவிட்டு அவர் மனைவியின் அத்திப்பழத்தைத் தொடாமல் விட முடியுமா?

கோயில் கதவைத் திறந்தபோது மணி இரண்டரை. உள்ளே கிணற்று இருட்டு. தூதர் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் திட்டுதான் தெரிந்தது.

"படம் இல்லாம போடமாட்டாங்கக்கா" என்றாள் மிரெல்லா, மெதுவாக. "பழைய வரியே இருந்துரும்."

தொனாத்தாவுக்குக் காது சூடேறியது. போன வருஷம் பூட்டு காரணம். இந்த வருஷம் அவள் சமையல்.

"பத்தொன்பது வருஷம் ஜெர்மனியில இருந்தா. கடிகாரம் பாக்க மட்டும் கத்துக்கல" என்றார் வாசலில் நின்ற எஜீதியோ.

"ஒயின் பாட்டிலத் தூக்கிட்டு வந்தது யாரு, நானா? பேசாதண்ணே." திரும்பிச் சொன்னவளின் பார்வை படிக்கட்டில் நின்றது. எதிர்ச்சரிவுப் படியில் இன்னும் பளீரென்று வெயில் இருந்தது. "அண்ணே, உன் கடைக் கண்ணாடியக் கழட்டு."

"என்னது?"

"கழட்டுன்னா கழட்டு. நான் பீரோ கதவக் கொண்டாரேன்."

முதுகு வலி அன்றைக்கு எங்கே போனதோ, கண்ணாடி பதித்த பீரோ கதவை அவளே சுமந்து வந்தாள். எஜீதியோ வெயிலில் நின்று தன் கண்ணாடியைச் சாய்த்தார். ஒளி வாசல் வழியாக உள்ளே பாய்ந்தது. உள்ளே நின்ற தொனாத்தா அதைப் பீரோ கதவில் வாங்கிச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"மேல... இன்னும் கொஞ்சம் மேல. ஆடாதண்ணே."

"நான் ஆடல. உன் அத்திப்பழம் ஆட்டுது."

"அது உங்க வீட்டு அத்திப்பழம்."

தூதரின் முகம் இருட்டிலிருந்து எழுந்தது. மிரெல்லா படம் எடுக்க மறந்து நின்றாள்.

கை வலித்து, தொனாத்தா கதவைச் சற்றுத் தாழ்த்தினாள். ஜன்னல் வெயில் ஒருநாளும் எட்டாத கீழ்மூலைக்கு ஒளி இறங்கியது. ஈரக்கறை என்று அவள் பதினோரு வருஷமாகச் சொல்லிவந்த இடம். அங்கே ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். ஒளிவட்டம் இல்லை. தலையில் துணிக்கட்டு, முழங்கை வரை சுருட்டிய சட்டைக்கை.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்லக்கா" என்றாள் மிரெல்லா. "யாரு இது?"

"தெரியலம்மா. கறைன்னுல்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

சொல்லும்போது வெட்கமாக இருந்தது. தான் வரையாத, முழுதாகப் பார்த்தும் இராத ஓவியத்துக்காக இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது சரிதானா என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் கதவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மிரெல்லா நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேருந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் மிரெல்லா தாளை எடுத்துப் பழைய வரியை அடித்தாள். "இப்ப என்ன எழுதணும், நீங்களே சொல்லுங்கக்கா."

வசந்தத்தில் புது வரைபடம் வந்தது. தூதரின் முகமும் மண்டியிட்ட பெண்ணும் அருகருகே இருந்தார்கள். கீழே தொனாத்தா சொன்னது ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருந்தது: "சாவி கோயில்லருந்து மூணாவது வீட்ல இருக்கு, தொனாத்தாகிட்ட. எப்ப வேணா தட்டலாம். பசியோட வந்தா முதல்ல சோறு, அப்புறம்தான் கோயில்."

எஜீதியோ அதைக் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார். சவரத்துக்கு வருகிறவர்கள் படித்தே ஆகவேண்டும். கண்ணாடி பிடித்தவன் பெயர் இல்லை என்பது மட்டும் அவருக்குக் குறை.