அந்தோணியாருக்கு நேர்ந்த ஆடு

செபமாலையம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு, பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ள வந்தவள். புருஷன் யாக்கோபுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. ஒரு மழைக்காலத்தில் அவன் ஆற்றைக் கடக்கும்போது மரப்பாலம் சரிந்து வெள்ளத்தோடு போனான். ஆள் கிடைக்கவில்லை. அவன் போர்த்தியிருந்த கம்பளி மட்டும் கீழே ஒரு பாறையில் சிக்கிக் கிடந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயமே ஒப்பாரி வைக்க, இவள் மட்டும், "கம்பளிதான கெடச்சிருக்கு? அவுக கெடைக்கலையே!" என்று எல்லார் வாயையும் அடைத்தாள்.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார். அவருக்கு ஒரு ஆட்டுக்குட்டியை நேர்ந்துவிட்டாள். யாக்கோபு திரும்பி வருகிற அன்று அதை அறுத்து லயம் முழுக்கச் சோறு போடுவதாக வேண்டுதல். குட்டி கிடாவாகி, கொம்பு முறுக்கி, வருகிறவன் போகிறவனையெல்லாம் முட்டியது. அது நிற்கிறவரைக்கும் அவன் செத்தவன் இல்லை, அவ்வளவுதான். மரித்தோர் பூசை வைக்கலாமா என்று பங்குச் சாமியாரே கேட்டதற்கும், "ஆடு நிக்குதே சாமி" என்றாள். என்ன பிடிவாதம் அம்மா அது!

எழுபதாம் வருஷம், சித்திரை பிறந்த வாரம். கோயிலில் செபம் நடத்துகிற உபதேசியார் ஏசுரத்தினம், ஆபீஸ் ரேடியோவில் கேட்ட சேதியைச் சாயங்காலம் சொன்னார். நிலாவுக்குப் போன அமெரிக்காக்காரர் மூன்று பேருடைய வண்டி நடுவழியில் கெட்டுப்போய்விட்டதாம். திரும்புவதே சந்தேகமாம்.

"அவுக பொஞ்சாதிமாருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் செபமாலை.

"தெரியாம என்ன? அவங்க எங்க இருக்காங்க, என்ன பேசுறாங்கன்னு எல்லாம் கீழ கேக்குதாம்."

அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைப்பானேன்? ஆகாயத்தில் இருக்கிறவனுக்கு விலாசம் இருக்கிறது, அவளுடையவனுக்கு இல்லை. ஆனால் மறுநாள் கொழுந்து கிள்ளும்போது மனசு வேறு பக்கம் திரும்பியது. எங்கே இருக்கிறான் என்று தெரிந்தும் கை நீட்டி இழுக்க முடியாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என்ன பாடுபடுவாள்! காத்துக்கிடக்கிற கொடுமை செபமாலைக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அன்று சாயங்காலம் செபம் முடிகிற நேரத்தில் எழுந்து நின்றாள். "அந்தோணியாரே, என் ஆட்டை அந்த மூணு பேருக்காக ஏத்துக்கிடும். அவுகளைக் கொண்டாந்து சேரும்."

பக்கத்து வீட்டு இன்பமேரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அடி பாதகத்தி! நேர்ந்ததை இன்னொருத்தருக்கு மாத்துனா, முதல்ல யாருக்காக நேர்ந்தியோ அவரைக் கைவிட்டதா ஆயிருமேடி! அப்ப உம் புருஷன்?"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

சனிக்கிழமை காலையில் ரேடியோ சொல்லிவிட்டது, மூன்று பேரும் பத்திரமாகக் கடலில் இறங்கிவிட்டார்கள் என்று. லயத்து ஆட்கள் தாங்களே கயிறு கட்டி இறக்கினதுபோல ஆளுக்கு ஆள் பெருமையடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடாவை அறுத்தார்கள். செபமாலை ஒருவர் விடாமல் தன் கையாலேயே பரிமாறினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உபதேசியார் எழுந்து, அந்த மூன்று பேருக்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

"இன்னொரு பேரு இருக்கு ஐயா" என்றாள் அவள். "மரிச்சவுக செபத்துல சொல்லுங்க."

உபதேசியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "யாக்கோபு" என்றார்.

அவள் குழம்புச் சட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நெலாவுக்குப் போனவுக வந்துட்டாகளே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ஆத்துக்கு அக்கரைக்குப் போனவுக வரலையே!"

இன்பமேரி எச்சில் கையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.